அப்பத்தாவோட வெள்ளிக் காசு: உருக்கக் கொடுக்குறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு பழைய வெள்ளிக் காசு பத்திப் பேசப் போறோம். வீட்டுப் பெட்டியில கிடக்கிறதை எப்படி மதிப்பிடுறது, புதுசா வாங்குறதுன்னா எதைப் பார்த்து வாங்குறது, எதுல ஏமாறாம இருக்குறது. இதுல நான் செஞ்ச ரெண்டு தப்பையும் சொல்றேன். ஒண்ணு காசு போன தப்பு. இன்னொண்ணு காசையே கெடுத்த தப்பு.

முதல் தப்பு சென்னையில நடந்தது. யூடியூப்ல அமெரிக்க வெள்ளி டாலர் வீடியோவா பார்த்துப் பார்த்து ஆசை வந்து, ஆன்லைன்ல ஒரு மார்கன் டாலர் வாங்குனேன். 1889ஆம் வருஷக் காசு, கார்சன் சிட்டி நாணயச் சாலையோடது. அது அந்த வரிசையிலேயே அரிதான ஒண்ணு. அது எப்படி எனக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்னு அப்ப நான் யோசிக்கல. வந்த பிறகு எடை போட்டேன். மார்கன் டாலர் 26.73 கிராம் இருக்கணும். என்னோடது 22 கிராம்கூட வரல. வித்தவர் அதுக்கப்புறம் போனே எடுக்கல. வாங்குறதுக்கு முன்னாடி அந்த எடையைத் தெரிஞ்சுக்கிட்டு, "தராசுல வச்சு ஒரு போட்டோ அனுப்புங்க"ன்னு ஒரே வரி கேட்டிருந்தா அந்தப் பணம் மிச்சம்.

ரெண்டாவது தப்பு எங்க ஊர்ல, அலங்காநல்லூர்ல.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். மழையில மாட்டுத் தொழுவத்தோட தகரம் பாதி பிச்சுக்கிட்டுப் போயிருந்துச்சு. வாடிவாசலுக்கு விடுற காளை நனையாம நிக்கணுமே. சித்தப்பா நேரா விஷயத்துக்கு வந்துட்டார். "அம்மாகிட்ட கொஞ்சம் வெள்ளி ரூபா கெடக்குடா தம்பி. வெள்ளி வெல ஏறிக் கெடக்கு. வித்துட்டு தகரத்தப் போட்ருவோம்."

அப்பத்தா ஒண்ணும் சொல்லல. பெட்டியைத் திறந்து ஒரு சுருக்குப் பையை எடுத்துக் கொடுத்துச்சு. பன்னிரண்டு ரூபாய்க் காசு. கூடவே வளையம் வச்ச பெரிய காசு ஒண்ணு. அதை மட்டும் கையிலயே வச்சிருந்துச்சு.

காசெல்லாம் கறுத்துப் போயிருந்தது. நான் உடனே என்ன பண்ணேன்? பூஜை அறையில இருந்து விபூதி எடுத்து, ஈரத் துணியில தொட்டு, வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி மூணு காசைத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிட்டேன். அதான் அந்த ரெண்டாவது தப்பு. இதுக்கு அப்புறம் வர்றேன்.

சித்தப்பா காசைக் கொண்டுபோய் டவுன்ல ஒரு கடையில காட்டினார். ஒரு காசை "இது வெள்ளியே இல்ல"ன்னு ஒதுக்கிட்டாங்களாம். மீதி பதினொண்ணுக்கும் பாதி வெள்ளின்னு கணக்குப் போட்டு ஒரு தொகை சொல்லியிருக்காங்க. சித்தப்பா சரின்னுட்டு, வீட்ல கேட்டுட்டு வர்றேன்னு திரும்பி வந்தார். அன்னைக்கு ராத்திரிதான் நான் முதல் தடவையா அந்தக் காசுகளை உட்கார்ந்து படிச்சேன்.

முதல்ல தேதியைப் படிங்க

நம்ம ஊர் வீடுகள்ல "வெள்ளி ரூபா"ன்னு இருக்கிறது பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா ரூபாய். 1835ல கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியா முழுக்க ஒரே மாதிரி ரூபாய் கொண்டு வந்தது. எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். பன்னிரண்டு பங்குல பதினோரு பங்கு வெள்ளி, கிட்டத்தட்ட 91.7 சதவீதம். பழைய வைத்தியக் குறிப்புகள்ல "ஒரு ரூபாய் எடை"ன்னு வருமே, அது இந்தக் காசோட எடைதான்.

இந்தத் தரம் நூறு வருஷத்துக்கும் மேல மாறல. ரெண்டாம் உலகப் போர்ல வெள்ளி தட்டுப்பாடு வந்தப்ப, 1940ல 50 சதவீத வெள்ளியா குறைச்சாங்க. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். எடையும் அதே 11.66 கிராம், அளவும் அதே. 1947ல வெள்ளியே இல்லாம முழு நிக்கல் ரூபாய் வந்துச்சு.

அதனால காசைத் திருப்புங்க, வருஷத்தைப் பாருங்க. 1939 வரைக்கும்னா ஒரு காசுல சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940ல இருந்து 1945 வரைக்கும்னா சுமார் 5.8 கிராம். 1947னா பூஜ்யம்.

எங்க பன்னிரண்டைப் பிரிச்சுப் பார்த்தேன். 1947 ஒண்ணு. 1944, 1945 ஒவ்வொண்ணு. மீதி ஒன்பதும் 1939க்கு முன்னாடி. அந்த ஒன்பதையும் பாதி வெள்ளின்னு கணக்குப் போட்டா காசுக்கு 4.8 கிராமுக்கு மேல விட்டுக் கொடுக்கிறோம். மொத்தம் கிட்டத்தட்ட 44 கிராம் சுத்த வெள்ளி. கடைக்காரர் வேணும்னே பண்ணாரா, பழைய காசுன்னாலே கலப்படம்னு பாதுகாப்பா கணக்குப் போட்டாரா, எனக்குத் தெரியாது. எங்களுக்கு வருஷம் படிக்கத் தெரியலங்கிறது மட்டும் நிச்சயம்.

அப்புறம் எடை, காந்தம், தண்ணி

0.01 கிராம் வரைக்கும் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. காசு வாங்குற முன்னாடி அதை வாங்குங்க. ரொம்பப் புழங்கித் தேஞ்ச ரூபாய் 11.66ல இருந்து கொஞ்சம் குறையலாம், 11.4, 11.5ன்னு. ஆனா 10 கிராம், 9 கிராம்னு காட்டினா அந்தக் காசை வாங்காதீங்க.

அடுத்து காந்தம். வெள்ளி காந்தத்துல ஒட்டாது. ஒட்டினா உள்ள இரும்பு. இதுல ஒரு விதிவிலக்கு, எங்க 1947 ரூபாய். அது ஒட்டும். போலியானதால இல்ல, நிக்கல் காந்தத்துல ஒட்டுற உலோகம். கடைக்காரர் ஒதுக்கினதும் இதைத்தான். அந்த விஷயத்துல அவர் சொன்னது சரி.

மூணாவது, தண்ணி. பள்ளிக்கூடத்துல படிச்ச ஆர்க்கிமிடிஸ்தான். தராசு மேல ஒரு சின்ன டம்ளர் தண்ணி வச்சு, பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க. காசை நூல்ல கட்டி, அடியிலயும் பக்கத்துலயும் படாம தண்ணிக்குள்ள முழுசா தொங்க விடுங்க. தராசு ஒரு எண் காட்டும். காசோட எடையை அந்த எண்ணால வகுத்தா அடர்த்தி. 91.7 சதவீத ரூபாய்க்கு அந்த எண் 1.13 பக்கம் வரும். 1940க்குப் பிறகு வந்த பாதி வெள்ளிக்கு 1.22 பக்கம். செம்பும் நிக்கலும் கலந்து அதே எடைக்குச் செஞ்ச போலின்னா 1.3 பக்கம் போகும். காசுல ஒரு கீறல்கூட விழாது. சித்தப்பா இதைப் பார்த்துட்டு "இதுக்குத்தான் உன்ன படிக்க வச்சதா"ன்னு கேட்டார். ஆனா பன்னிரண்டையும் அவரே ஒவ்வொண்ணா முக்கிப் பார்த்தார்.

விளிம்பையும் பாருங்க. வார்ப்புல ஊத்தின போலின்னா விளிம்பைச் சுத்தி ஒரு கோடு, இல்லன்னா சின்னச் சின்னக் குழி தெரியும். எழுத்துகள் மழுங்கி, சோப்புல செஞ்ச மாதிரி இருக்கும். அச்சுல அடிச்ச காசுல தேஞ்ச எழுத்துக்குக்கூட அடியில ஒரு கூர்மை இருக்கும்.

எந்த ராஜா, எந்த வருஷம்

இது வரைக்கும் பார்த்தது உலோக விலை. காசுக்கு இன்னொரு விலை இருக்கு, சேகரிக்கிறவங்க கொடுக்கிற விலை. அது வயசைப் பொறுத்தது இல்ல. எத்தனை காசு மிஞ்சியிருக்கு, எவ்வளவு நல்லா இருக்கு, எத்தனை பேர் தேடுறாங்க, இந்த மூணைப் பொறுத்தது.

எங்க பையில இருந்ததிலேயே பழசு 1862, விக்டோரியா மகாராணி. 160 வருஷத்துக்கு மேல ஆச்சு, லட்சக்கணக்குல போகும்னு நினைச்சேன். தேடிப் பார்த்தா, 1862ன்னு போட்ட ரூபாயை 1874 வரைக்கும் அதே தேதியோட அடிச்சுக்கிட்டே இருந்திருக்காங்க. கோடிக்கணக்குல இருக்கு. அதுலயும் சின்னச் சின்னப் புள்ளிகளை எண்ணி ரகம் பிரிக்கிற ஆட்கள் இருக்காங்க. அது அடுத்த வகுப்பு, தொடக்கத்துல வேணாம்.

1877ல இருந்து அதே ராணி "பேரரசி" ஆயிடுறாங்க, காசுல பட்டம் மாறும். 1903ல இருந்து 1910 வரைக்கும் ஏழாம் எட்வர்ட். தலையில கிரீடம் இல்லாததால எங்க அப்பத்தா அவரை "மொட்டத்தல ராசா"ன்னு சொல்லும். அப்புறம் ஐந்தாம் ஜார்ஜ்.

ஐந்தாம் ஜார்ஜ்ல ஒரு கதை இருக்கு. 1911 ரூபாய்ல ராஜாவோட அங்கியில ஒரு யானை. தும்பிக்கை குட்டையா இருந்ததால ஜனங்க கண்ணுக்கு அது பன்னி மாதிரி தெரிஞ்சிருக்கு. முஸ்லிம் மக்கள்கிட்ட இருந்து எதிர்ப்பு வர, காசைத் திரும்பப் பெற்று, 1912ல யானையைத் திருத்தி வெளியிட்டாங்க. அதனால 1911 ரூபாய்க்கு இன்னைக்கும் கூடுதல் விலை.

இன்னொண்ணு 1939, ஆறாம் ஜார்ஜ். பெரும்பாலும் உருக்கப்பட்டு, மிஞ்சினது கொஞ்சம். அதனாலேயே 1938ல இருக்கிற எட்டைச் சுரண்டி ஒன்பதா மாத்தி விக்கிறாங்க. யாராவது உங்ககிட்ட 1939 காட்டினா லென்ஸ் இல்லாம பேச ஆரம்பிக்காதீங்க.

எங்க அடிச்சாங்கன்னும் பார்க்கணும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்ல தேதிக்குக் கீழ இருக்கிற பூவை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி இருந்தா பம்பாய், இல்லன்னா கல்கத்தா.

டாலர் நம்ம ரூபாயா மாறின வருஷம்

எங்க பையில 1918 ரெண்டு இருந்தது. சாதாரணக் காசுதான். ஆனா எனக்குப் பிடிச்ச காசு அது.

முதல் உலகப் போர் நேரம். இந்தியாவுல ஜனங்க நோட்டை நம்பாம வெள்ளி ரூபாயா கேட்டாங்க. ஒரு ரூபாய் நோட்டே 1917 நவம்பர் கடைசியிலதான் முதல் தடவையா வந்தது. அரசுக்கிட்ட வெள்ளி தீர்ந்துக்கிட்டு இருந்தது. 1918 ஏப்ரல்ல அமெரிக்கா பிட்மன் சட்டம்னு ஒண்ணு போட்டு, கஜானாவுல கிடந்த வெள்ளி டாலர்களை உருக்கிச்சு. ஏறக்குறைய 27 கோடி காசு. அதுல பெரும் பகுதி வெள்ளியை பிரிட்டன் வாங்கினது இந்தியாவுக்காகத்தான். இங்க நாணயச் சாலைகள்ல அது ரூபாயா மாறுச்சு.

நான் நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்து ஏமாந்த அதே மார்கன் டாலர், நூறு வருஷம் முன்னாடியே உருகி, அப்பத்தாவோட சுருக்குப் பைக்கு வந்திருக்கலாம். எந்த ரூபாய்ல எந்த டாலர் இருக்குன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா புதுசா தொடங்குறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: டாலர்ல தொடங்காதீங்க. உலகத்துலேயே அதிகமா போலி வர்ற காசுகள்ல அதுவும் ஒண்ணு. வீட்ல இருக்கிற ரூபாய்ல தொடங்குங்க. எடை தெரியும், எழுத்து தெரியும், பக்கத்து வீட்லயும் ரெண்டு இருக்கும், வச்சு ஒப்பிடலாம்.

தேய்மானம் பார்க்கிறதும், தேய்க்காம இருக்கிறதும்

ஒரு காசு எவ்வளவு புழங்கிச்சுன்னு அதோட மேடான இடங்கள் சொல்லும். ஐந்தாம் ஜார்ஜ்ல கிரீடத்து வேலைப்பாடு, அங்கியில இருக்கிற யானை. விக்டோரியாவுல கன்னம், ஆடையோட பூ வேலை. அந்த யானை தெளிவா நின்னா நல்ல காசு. வெறும் மேடா தெரிஞ்சா ரொம்பப் புழங்கினது. 'ஃபைன்', 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரா ஃபைன்', 'அன்சர்குலேட்டட்'னு தரம் பிரிக்கிறது இதை வச்சுத்தான். 'ஃபைன்'னா நல்ல தரம்னு நினைச்சுடாதீங்க. நல்லாவே தேஞ்ச காசுக்குத்தான் அந்தப் பேர்.

இப்ப என் விபூதிக்கு வர்றேன். தேய்ச்ச மூணுல ஒண்ணு 1912. பல வருஷமா காசு சேகரிக்கிற ஒரு பெரியவர்கிட்ட காட்டினேன். லென்ஸ்ல பார்த்துட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "யானை நகம்கூடத் தெரியுது தம்பி. ஏன் தேய்ச்சீங்க?"ன்னு கேட்டார். கறுப்பு மட்டும் போயிருந்தா பரவாயில்ல. விபூதி நுணுக்கமா உரசி, முகம் முழுக்க மயிரிழைக் கோடு. அந்தக் கறுப்பு பல வருஷமா காத்துல படிஞ்சது. சேகரிக்கிறவங்க அதுக்குத்தான் கூட விலை கொடுப்பாங்க. விபூதி, புளி, பற்பசை, எலுமிச்சை எதுவும் வேணாம். விளிம்பைப் பிடிங்க, முகத்தைத் தொடாதீங்க. மெத்துன்னு வாசனை வர்ற பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க. அது நாளாக நாளாகப் பச்சையா பிசுபிசுன்னு ஒட்டும்.

ஏமாத்துறவங்க பத்தி

ராமர் பட்டாபிஷேகம், அனுமார் படம் போட்டு "கிழக்கிந்தியக் கம்பெனி 1818"னு எழுதின காசு நிறைய சுத்துது. கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்ல. பின்னாடி யாரோ செஞ்ச வில்லை. அரிசியை இழுக்கும் காசு, 'ரைஸ் புல்லிங்'னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. "உங்க பழைய அஞ்சு ரூபாய்க்கு அஞ்சு லட்சம், முதல்ல கமிஷன் கட்டுங்க"ன்னு வர்ற போன்ல ரிசர்வ் வங்கி பேரையே சொல்லுவாங்க. அப்படி யாரையும் நாங்க அனுமதிக்கலன்னு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்லயே எச்சரிச்சிருக்கு.

சட்டமும் ரெண்டு தெரிஞ்சுக்கங்க. நூறு வருஷத்துக்கு மேலான காசு 1972 சட்டப்படி தொல்பொருள். அதை நீங்களா கூரியர்ல வெளிநாட்டுக்கு வித்து அனுப்ப முடியாது. மண்ணுக்குள்ள புதையலா கிடைச்சா, 1878 சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்கணும்.

விலை பார்க்கிறப்போ, ஒருத்தர் எவ்வளவு கேட்கிறார்னு பார்க்காதீங்க. ஏலத்துல உண்மையில எவ்வளவுக்குப் போச்சுன்னு பாருங்க. நூமிஸ்டா மாதிரி தளங்கள்ல எடை, அளவு, தரம் எல்லாம் இலவசமா இருக்கு. நேர்ல பார்க்கணும்னா சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல நாணயத்துக்குன்னே ஒரு பகுதி இருக்கு.

வளையம் வச்ச காசு

கடைசியா அப்பத்தா கையில வச்சிருந்த அந்தப் பெரிய காசு. நம்ம ஊர்ல 'டாலர்'னா சங்கிலியில தொங்குறது. அதனால அதையும் டாலர்னு சொன்னப்ப நான் பெருசா கண்டுக்கல. லென்ஸ்ல பார்த்தா, அது நிஜமாவே டாலர். கையில சூலமும் கேடயமும் வச்சு நிக்கிற பிரிட்டானியா, 1911. பின்பக்கம் சீன எழுத்தும் மலாய்க்காரங்களோட ஜாவி எழுத்தும். பிரிட்டிஷ் வணிக டாலர்னு பேர். ஹாங்காங், பினாங்கு, சிங்கப்பூர் வியாபாரத்துக்காக 1895ல இருந்து அடிச்சது. 26.95 கிராம், 90 சதவீத வெள்ளி. சூலத்தோட நடு முள்ளுல 'பி'ங்கிற ஆங்கில எழுத்து பொடிசா இருந்தது. பம்பாய்ல அடிச்ச காசு.

"இத யாரு கொண்டு வந்தா அப்பத்தா?"

"ஒங்க தாத்தாவோட அப்பா மலேயாவுக்குப் போயிட்டு வந்தாருல்ல, அவரு. இத வெள்ளின்னுதான் சொல்லுவாரு. ரெண்டு வெள்ளி, மூணு வெள்ளின்னு. மாட்டுப்பொங்க அன்னைக்கு காள நெத்தியில கட்டுவாரு."

சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்னைக்கும் டாலரை வெள்ளின்னுதான் சொல்றாங்க. காளையோட கொம்புல சல்லிக்காசு கட்டுனதாலதான் சல்லிக்கட்டுன்னு பேர் வந்ததா சொல்லுவாங்க. எங்க வீட்ல டாலரையே கட்டியிருக்காங்க.

சேகரிக்கிறவங்க கணக்குல அந்தக் காசு அடிபட்ட காசு. மேல வளையம் பத்த வச்சிருக்கு, பிரிட்டானியாவோட முகம் தேஞ்சிருக்கு. வளையத்தை எடுத்தாலும் பத்த வச்ச தழும்பு போகாது. நீங்க காசு வாங்குறப்போ பன்னிரண்டு மணி இடத்துல விளிம்பை விரலால தடவிப் பாருங்க. மேடு தட்டினா முன்னாடி சங்கிலியில இருந்தது. விலையைக் குறைச்சுக் கேளுங்க.

எல்லாத்தையும் எழுதி சித்தப்பாகிட்ட கொடுத்தேன். நான் தேய்ச்ச மூணு, ஒரு 1918, 1919, அப்புறம் 1944, 1945. இந்த ஏழையும் உலோக விலைக்குக் கொடுக்கலாம்னு முடிவாச்சு. தெற்காவணி மூல வீதியில வேற ஒரு கடைக்குப் போனோம். சித்தப்பாவே காசை ரெண்டு குவியலா பிரிச்சு வச்சு, "இது தொண்ணூத்தி ஒண்ணே முக்கா, இது அம்பது"ன்னார். கடைக்காரர் சோதிச்சுப் பார்த்துட்டு அதே கணக்குல போட்டுக் கொடுத்தார். முழுத் தகரத்துக்கும் பத்தல. மீதியை நான் போட்டேன். அந்த 1912ஐ நான் கெடுக்காம இருந்திருந்தா போட வேண்டி இருந்திருக்காதோ என்னவோ.

மீதி அஞ்சு ரூபாயும் திரும்ப சுருக்குப் பைக்குப் போயிடுச்சு. டாலரை அப்பத்தா தரல. "அது விக்கிறதுக்கா கட்டுனது?"ன்னு கேட்டு முந்தானையில முடிஞ்சுக்கிச்சு.

சரி மக்களே, இந்த வாரம் வீட்டுக்குப் போன் பண்ணிக் கேளுங்க. காசு இருந்தா வருஷத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்க. விபூதி டப்பா பக்கத்துல இல்லாம பார்த்துக்கங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.